பழம் பறிக்கப் போகும்போது நாயும் வரலாமா? கரடிக் காட்டுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவின் வடமேற்கில், கனடா எல்லையை ஒட்டிய மொன்டானா மலைகளில், ஜூலை நடுவில் ஹக்கிள்பெரி பழுக்கத் தொடங்கும். முதலில் தாழ்வான சரிவுகளில் பழுத்து, வாரத்துக்கு வாரம் மேலே ஏறி, செப்டம்பரில் உயரமான சரிவுகளோடு பருவம் முடியும். அந்த நாட்களில் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவது அங்குள்ள குடும்பங்களின் வழக்கம். பலர் வீட்டு நாயையும் வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். அதே சரிவுகளில் அதே பழத்துக்காகக் கிரிஸ்லி கரடியும் கருங்கரடியும் வந்திருக்கும்.

நாய் கூட இருந்தால் கரடி கிட்டே வராது என்று நம்புகிறவர்கள் உண்டு. கரடிக் காட்டுக்கு நாயைக் கூட்டிப்போவதே வம்பை விலைக்கு வாங்குவது என்கிறவர்களும் உண்டு. விஷயம் கயிற்றில் இருக்கிறது. கயிற்றில் பிடித்த, சொன்ன பேச்சைக் கேட்கிற நாய் உங்களுக்கு உதவும். அவிழ்த்துவிட்ட நாய் கரடியை உங்களிடமே கூட்டிவந்துவிடும். அது ஏன், போவதானால் எப்படிப் போவது, எப்போது நாயை வீட்டில் விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வட அமெரிக்காவில் குடியேறியிருக்கும், அல்லது பிள்ளைகளைப் பார்க்கப் போய் ஒரு சனிக்கிழமை காட்டுக்குக் கிளம்பும் தமிழ்க் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வயலுக்கு வராத பழம்

ஹக்கிள்பெரி முழங்கால் உயரத்திலிருந்து இடுப்பளவு வரை வளரும் புதர்ச்செடி. கடையில் கிடைக்கும் புளூபெரிக்கு உறவு என்றாலும், அதைப்போல இதைத் தோட்டப்பயிராக்கி வியாபாரம் செய்ய இதுவரை யாராலும் முடியவில்லை. அதனால் சந்தைக்கு வருவதெல்லாம் காட்டில் கையால் பறித்ததே. பழம் கொத்தாகக் காய்க்காது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் ஒன்றொன்றாகத் தொங்கும். கருஞ்சிவப்பிலிருந்து கறுப்பு வரை நிறம். நாவல் பழம் தின்றதுபோல நாக்கும் விரலும் ஊதாவாகிவிடும்.

நிழல் அடர்ந்த காட்டில் இது அதிகம் காய்க்காது. வெயில் படும் திறந்த சரிவுகள், பல வருடங்களுக்கு முன் தீயில் எரிந்து வெட்டவெளியான இடங்கள் இதற்குப் பிடிக்கும். மேலே எரிந்தாலும் மண்ணுக்கடியில் ஓடும் தண்டு பிழைத்துத் திரும்பத் துளிர்க்கும். சாலிஷ், கூட்டனை போன்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்தப் பழத்தைப் பறித்து, உலர்த்தி, குளிர்காலத்துக்குச் சேமித்துவந்தவர்கள். பக்கத்து மாநிலமான ஐடஹோ 2000-இல் இதைத் தன் மாநிலப் பழமாக அறிவித்தது.

கரடிக்கு அது குளிர்காலச் சேமிப்பு

நமக்கு ஹக்கிள்பெரி ஜாமுக்கும் கேக்குக்கும் உள்ள பழம். கரடிக்கு அது உயிர்ப் பிரச்சினை. கரடி வருடத்தில் ஐந்தாறு மாதம் குகையில் ஒன்றும் தின்னாமல், குடிக்காமல் படுத்திருக்கும். அத்தனை மாதத்துக்குமான கொழுப்பைக் கோடையின் கடைசியிலும் இலையுதிர்காலத்திலும் உடம்பில் ஏற்றியாக வேண்டும். அந்தக் காலத்தில் அது ஒரு நாளில் இருபது மணி நேரம்வரை மேயும். 20,000 கலோரிவரை உள்ளே போகும். ஒரு நாளில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல்கூட எடை ஏறக்கூடும்.

பெண் கரடிக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. கோடையின் தொடக்கத்தில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் ஒட்டி வளராது. இலையுதிர்காலம் முடியும்வரை காத்திருக்கும். அதற்குள் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்தால்தான் கரு வளர்ந்து, நடுக் குளிர்காலத்தில் குகைக்குள் குட்டி பிறக்கும். கொழுப்பு போதாவிட்டால் அந்த வருடம் குட்டி இல்லை. இந்த வருடம் புதரில் எவ்வளவு பழம் பழுத்தது என்பதில் அடுத்த வருடத்துக் குட்டிகளின் கணக்கும் அடங்கியிருக்கிறது.

கரடி மேய்வதை அருகில் பார்த்தவர்கள் ஒன்று சொல்வார்கள்: அது பழத்தைத் தவிர வேறெதையும் கவனிப்பதில்லை. கிளையை வாய்க்குள் இழுத்து, உதடும் நாக்கும் கொண்டு உருவி எடுக்கும்; பழத்தோடு இலையும் போகும். தலை புதருக்குள் இருக்கும். காதில் விழுவதெல்லாம் தன் வாயில் இலை நசுங்கும் ஓசை. இந்தப் பக்கம் நீங்களும் அப்படியே: குனிந்த தலை, பழத்தின் மேல் கண், வாளியில் பழம் விழும் சத்தம். இரண்டு பேரும் கவனம் முழுக்கப் பழத்தில் வைத்து ஒரே புதரின் இரண்டு பக்கமும் நெருங்குகிறீர்கள். காற்று கரடியிடமிருந்து உங்களை நோக்கி வீசினால் உங்கள் வாசனைகூட அதற்கு எட்டாது. பழக்காட்டு ஆபத்தின் மூலம் இதுதான். கரடி உங்களைத் தேடி வருவதில்லை. திடீரென்று பத்தடியில் பார்த்து மிரண்டுபோகிறது.

2024 ஜூலையில் மொன்டானாவின் பிளாட்ஹெட் தேசியக் காட்டில் இப்படி ஒன்று நடந்தது. தனியாக ஹக்கிள்பெரி பறித்துக்கொண்டிருந்த 72 வயது மனிதர் மேல் ஒரு பெண் கிரிஸ்லி பாய்ந்தது. அவர் பலத்த காயத்தோடு தப்பினார். அவருடைய கைத்துப்பாக்கிக் குண்டில் கரடி செத்துப்போனது.

நாய் வந்தால் என்ன மாறுகிறது?

நாயின் மூக்கும் காதும் நம்முடையதைவிடப் பல மடங்கு கூர்மை. பக்கத்தில் கயிற்றில் நிற்கும் நாய் திடீரென்று விறைத்து ஒரு திசையையே பார்க்கிறதா, பிடரி மயிர் சிலிர்க்கிறதா, அடித்தொண்டையில் உறுமுகிறதா, அல்லது உங்கள் காலோடு ஒட்டிக்கொள்கிறதா? நீங்கள் இன்னும் எதையும் பார்க்காதபோதே அது செய்தி சொல்லிவிட்டது. அந்தச் செய்தியை மதித்து, வந்த வழியே திரும்பிவிட்டால் நாய் தன் கூலிக்கு மேலேயே வேலை செய்துவிட்டது.

அதே நாய் அவிழ்ந்திருந்தால் கதை வேறு. கரடியின் வாடை பட்டதும் ஓடிப்போய்க் குரைக்கும். கரடிக்கு நாய் என்பது ஓநாயின் சாயலுள்ள, தன் குட்டியைத் துரத்த வருகிற மிருகம். கருங்கரடி பொதுவாகக் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிட்டு விலகப் பார்க்கும். மரங்கள் குறைந்த திறந்த வெளிகளில் வாழ்ந்து பழகிய கிரிஸ்லி, குட்டியைக் காக்க எதிர்த்து நிற்கும், பாயும். அது திருப்பித் துரத்தியதும் நாயின் வீரம் போய்விடும். பயந்த நாய் எங்கே ஓடும்? தன் ஆளிடம். கோபத்தின் உச்சியில் இருக்கும் கரடி பின்னாலேயே வரும். உங்கள் கையில் அப்போது பழ வாளி இருக்கும்.

கால்கரி பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஹெரேரோ கரடித் தாக்குதல்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர். அவரும் மனிடோபாவைச் சேர்ந்த ஹாங்க் ஹ்ரிஸ்டியெங்கோவும் 2010 முதல் 2013 வரை கருங்கரடிகள் மனிதரைத் தாக்கிய 92 நிகழ்ச்சிகளை எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் நாய் சம்பந்தப்பட்டிருந்தது. பெரும்பாலும் அவிழ்த்துவிட்ட நாய்.

அப்படியானால் கரடியை விரட்டும் நாய்களே இல்லையா? இருக்கின்றன. பின்லாந்து வழி வந்த கரேலியன் கரடிநாய் என்ற இனத்தை மொன்டானாவில் கேரி ஹன்ட் என்பவர் பழக்கி, ஊருக்குள் வரும் கரடிகளை ஊரைவிட்டு ஒதுங்கக் கற்றுக்கொடுக்கும் வேலையில் இறக்கினார். அவர் நிறுவிய விண்ட் ரிவர் கரடி நிறுவனம் இந்த வேலைக்குப் பேர்போனது. வாஷிங்டன் மாநில வனவிலங்குத் துறையும் இந்த இனத்தைப் பயன்படுத்தியிருக்கிறது. ஆனால் அந்த நாய்கள் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குட்டியிலிருந்து பழக்கப்பட்டு, பயிற்சி பெற்ற ஆட்களோடு, பெரும்பாலும் கயிற்றிலேயே வேலை செய்பவை. வீட்டு லாப்ரடாரிடம் அதை எதிர்பார்ப்பது அந்த நாய்க்குச் செய்யும் அநியாயம்.

எந்தக் காட்டில் அனுமதி?

இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் தேசியப் பூங்கா என்பதும் தேசியக் காடு என்பதும் வேறு வேறு. கிளேசியர் தேசியப் பூங்காவில் நடைபாதைகளிலும் உட்காட்டிலும் நாய்க்கு இடமே இல்லை. வண்டிச் சாலை, முகாம் இடம், வண்டி நிறுத்துமிடம் போன்றவற்றில் மட்டும், ஆறடிக்கு மேற்படாத கயிற்றில் கூட்டிப்போகலாம். பழமும் வீட்டுத் தேவைக்குக் கொஞ்சம்தான் பறிக்கலாம். பூங்காவுக்கு வெளியே பிளாட்ஹெட் போன்ற தேசியக் காடுகளில் நாயோடு நடக்கத் தடையில்லை. சொந்த உபயோகத்துக்குப் பழம் பறிக்கலாம், விற்பனைக்கென்றால் விதி வேறு. அளவும் அனுமதியும் காட்டுக்குக் காடு மாறும். அந்தந்த ரேஞ்சர் அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போவதே சரி. எந்தப் பாதை கரடி நடமாட்டத்துக்காக மூடப்பட்டிருக்கிறது என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

கிளம்பும் முன்

கரடி ஸ்ப்ரே: இது மிளகாய்க் காரத்தின் சாரம் அடைத்த டப்பா. இதைக் கரடிக்கென்று உருவாக்கியதிலும் கேரி ஹன்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-களில் மொன்டானா பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆராய்ச்சியே அடித்தளம். சுமார் முப்பதடி தூரம் பீய்ச்சும். சில வினாடிகளே வரும். டாம் ஸ்மித், ஹெரேரோ குழுவினர் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரையிலான நிகழ்ச்சிகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பழுப்புக் கரடிகளில் 92 சதவீதமும் கருங்கரடிகளில் 90 சதவீதமும் ஸ்ப்ரே பட்டதும் தங்கள் வேண்டாத போக்கை நிறுத்திக்கொண்டன. கிரிஸ்லியும் பழுப்புக் கரடி வகையே.

ஸ்ப்ரே முதுகுப் பைக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். இடுப்பிலோ மார்பிலோ உறையில் தொங்க வேண்டும். பாதுகாப்புக் கிளிப்பை ஒரே கையால் கழற்றிப் பழகியிருக்க வேண்டும். காலாவதித் தேதியைப் பாருங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாதீர்கள், வெடிக்கும். விமானத்தில் கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி, கொண்டுபோக முடியாது. இறங்கிய ஊரில் வாங்குங்கள். கொசு மருந்துபோல உடம்பிலோ நாயின் மேலோ அடித்துக்கொள்ளும் பொருள் அல்ல இது. தரையிலோ துணியிலோ காய்ந்து ஒட்டிய ஸ்ப்ரேயின் வாசனை கரடியை வரவழைத்த சம்பவங்கள் உண்டு.

கயிறு: ஆறடி நீளத்தில், உறுதியான சாதாரணக் கயிறு. இழுத்தால் நீண்டுகொண்டே போகும் சுருள் கயிறு வேண்டாம். நெருக்கடியில் நாயைச் சட்டென்று பக்கத்தில் இழுக்க அதில் முடியாது, புதரிலும் சிக்கும்.

வாளி: உள்ளூர்க்காரர்களின் வழியைப் பின்பற்றுங்கள். பிளாஸ்டிக் பால் கேனின் கைப்பிடியை விட்டுவிட்டு, மேற்பக்க மூலையை வெட்டித் திறப்பார்கள். கைப்பிடிக்குள் இடுப்பு பெல்ட்டைக் கோத்துக்கொண்டால் கேன் வயிற்றின் முன்னால் தொங்கும். பழம் பறிக்க இரண்டு கையும் கிடைக்கும். ஒரு கணத்தில் ஒரு கை கயிற்றுக்கும் மற்றது ஸ்ப்ரேக்கும் போய்விடும். கேன் நிரம்பியதும் மூடியுள்ள டப்பாவில் கொட்டிக்கொள்ளுங்கள்.

நாய் உணவு: கரடியின் மூக்குக்கு அதுவும் சாப்பாடுதான். அங்குள்ள பல காடுகளில் உணவைப் பத்திரப்படுத்தச் சொல்லும் ஆணையில் நாய் உணவும் அடக்கம். பூட்டிய வண்டியிலோ கரடி திறக்க முடியாத டப்பாவிலோ வையுங்கள். மீந்த பிஸ்கட்டைப் புதரோரம் கொட்டிவிட்டு வருவது, அடுத்து வருகிறவர்களுக்குக் கரடியைப் பழக்கி வைப்பது.

புதரருகே

முதலில் சுற்றிப் பாருங்கள். கரடி எச்சத்தை அடையாளம் காண்பது எளிது: பழக்காலத்தில் அது கூம்பாகக் குவியாமல், சாணிபோலத் தளர்ந்து பரவி, ஊதா கலந்த கறுப்பில் இருக்கும். பாதி செரித்த பழத்தோல், முழுசு முழுசாகப் பழம், இலைத் துண்டு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஈரமாகப் பளபளத்தால் கரடி அருகில்தான் எங்கோ இருக்கிறது. வேறு இடம் பாருங்கள். புரட்டிப்போட்ட கட்டை, தோண்டிய மண், மரத்தில் நகக் கீறல் எல்லாம் அதன் கையெழுத்துகள். அழுகிய வாடையும் வட்டமிடும் காக்கைக் கூட்டமும் தென்பட்டால் அங்கே செத்த மிருகம் கிடக்கலாம். கரடி தன் இரைக்குக் காவல் இருக்கும் இடம் அது. ஒரு நிமிடமும் நிற்காமல் திரும்புங்கள்.

நடக்கும்போதும் பறிக்கும்போதும் பேசிக்கொண்டே இருங்கள். காலிலோ பையிலோ கட்டும் சிறு மணியின் ஓசை போதாது. மனிதக் குரல்தான் கரடிக்குத் தெளிவாகப் புரியும். ஓடைச் சத்தமும் காற்றும் உள்ள இடத்தில் கையைத் தட்டி, உரக்கக் குரல் கொடுங்கள். தமிழில் பாடினாலும் பலன் ஒன்றுதான். தனியாகப் போகாதீர்கள். மூன்று நான்கு பேர் ஒன்றாக நின்று, ஒருவர் மாற்றி ஒருவர் தலை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பது நல்ல ஏற்பாடு. விடியலும் அந்தியும் வேண்டாம்.

நாயை ஒரு மரத்தில் கட்டிவிட்டுத் தள்ளிப்போய்ப் பறிக்காதீர்கள். கட்டிய நாயால் ஓடவும் முடியாது, உங்களிடம் வரவும் முடியாது. கயிறு எப்போதும் உங்கள் உடம்போடு இருக்கட்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை நாயின் காதையும் முதுகையும் கவனியுங்கள். கூட்டிவந்ததன் பலனே அதுதான்.

கரடி எதிர்ப்பட்டால்

ஓடாதீர்கள். கரடி மணிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடக்கூடியது. ஓட்டம் அதற்குத் துரத்தும் உந்துதலைக் கொடுக்கும்.

கயிற்றைக் கையில் சுருட்டி நாயை உங்களுக்குப் பின்னால் கொண்டுவாருங்கள். குரைப்பை அடக்க முடிந்தால் அடக்குங்கள். கரடியைக் கண்ணுக்குக் கண் முறைக்காமல், ஆனால் பார்வையை விட்டு அகற்றாமல், தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே பின்வாங்குங்கள். கரடி இரண்டு காலில் எழுந்து நிற்பது பெரும்பாலும் நன்றாகப் பார்க்கவும் முகரவும்தான். குட்டி தெரிந்தால் தாய் எங்கே என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் போய்விடக் கூடாது.

பாய்ந்து வந்தால் ஸ்ப்ரே. முப்பதடிக்குள் வரும்போது, அதன் முகத்துக்குச் சற்றுக் கீழே முன்னால் ஒரு மேகத்தை எழுப்புங்கள். அதற்குள் புகுந்து வரட்டும். நாய்மேல் பட்டாலும் கவலைப்படாதீர்கள். எரியும், பிறகு நிறையத் தண்ணீரால் கழுவினால் சரியாகிவிடும். கரடி நாயைப் பிடித்துவிட்டால் கையால் பிரிக்கப் போகாதீர்கள். அப்போதும் ஸ்ப்ரேதான் வழி.

ஸ்ப்ரேயும் தவறி, உடம்பில் கை வைத்துவிட்டால், எந்தக் கரடி என்பது முக்கியம். தோளில் திமில், குழிந்த முகம், குட்டைக் காது, நீண்ட முன்நகம் இருந்தால் கிரிஸ்லி. நிறத்தை நம்பாதீர்கள், கருங்கரடியிலும் பழுப்பு உண்டு, கிரிஸ்லியிலும் கறுப்பு உண்டு. குட்டியைக் காக்கவோ திடுக்கிட்டோ தாக்கும் கிரிஸ்லியிடம் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, காலை அகட்டி, அது விலகிப்போகும்வரை அசையாமல் கிடங்கள். கருங்கரடி தாக்கினால் கையில் கிடைத்ததை எடுத்து மூக்கிலும் கண்ணிலும் அடித்துப் போராடுங்கள்.

நாயின் வயிற்றுக்கு

ஹக்கிள்பெரியை நாயும் விரும்பித் தின்னும். கொஞ்சம் என்றால் கெடுதல் இல்லை. அதே காட்டில் வேறு பழங்களும் உண்டு. பளபளக்கும் சிவப்பு அல்லது வெள்ளைப் பழங்கள் ஒரே காம்பில் கொத்தாக நிற்கும் பேன்பெரி, மனிதனுக்கும் நாய்க்கும் நஞ்சு. சோக்செரியின் கொட்டையிலும் இலையிலும் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. கரடி எச்சத்தில் நாய் புரளவோ வாய் வைக்கவோ விடாதீர்கள். அவிழ்த்துவிட்ட நாயிடம் இதையெல்லாம் தடுக்க வழியில்லை; கயிற்றுக்கு இது இன்னொரு காரணம்.

நாயை வீட்டில் விட வேண்டியது எப்போது?

கூப்பிட்டால் ஒரே குரலில் திரும்பி வராத நாய், மானையோ அணிலையோ கண்டால் கயிற்றையே பிடுங்கிக்கொண்டு ஓடும் நாய், நிறுத்தாமல் குரைக்கும் நாய், இவற்றை வீட்டில் விட்டுவிடுங்கள். கைக்குழந்தையைப் பார்க்க வேண்டிய நாளிலும் அப்படியே. ஒரு ஆளுக்கு இரண்டு கைதான். அந்தக் கோடையில் உறைபனியாலோ வறட்சியாலோ பழம் குறைவென்று உள்ளூரில் சொன்னாலும் போகாமல் இருப்பது நல்லது. பசித்த கரடிகள் மிச்சமிருக்கும் சில புதர்களிலேயே கூடிவிடும்.

பறிக்கும்போது புதரை மொட்டையாக்காதீர்கள். பழுத்ததை எடுத்து, கணிசமானதை விட்டுவிடுங்கள். அலாஸ்கா தவிர்த்த அமெரிக்காவில் கிரிஸ்லி 1975 முதல் அழிவை எதிர்நோக்கும் உயிரினமாகச் சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. மனிதனோடு மோதிய கரடி பெரும்பாலும் பிழைப்பதில்லை. அந்த இடத்திலேயே சுடப்படும், அல்லது பின்னால் அதிகாரிகள் பிடித்துக் கொல்ல நேரும். ஆகவே கையிலுள்ள அந்த ஆறடிக் கயிறு உங்களையும் நாயையும் மட்டும் காப்பதில்லை. புதரின் மறுபக்கம் குளிர்காலத்துக்காகத் தின்றுகொண்டிருக்கும் உயிரையும் அது காக்கிறது. அந்தக் கயிற்றைக் கடைசிவரை விடாமல் பிடிக்க முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் நாயோடு போங்கள். சந்தேகம் இருந்தால் நாயை வீட்டில் விட்டுவிட்டு, மனிதத் துணையோடு போங்கள்.